நம் ஊரும் நம் நகர மன்றமும்
(குடிமைப் பயிற்சிக் கட்டுரை)



நாட்டின் தலைநகர் எது, குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை, நாடாளுமன்றத்தில் எத்தனை அவைகள் உள்ளன என்று கேட்டால் நம்மில் பலர் உடனே விடை சொல்லிவிடுவோம். நம் வீட்டுக்கு வரும் குடிநீர் எங்கே எடுக்கப்படுகிறது, நம் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது, நம் வார்டின் எண் என்ன என்று கேட்டால் சற்றுத் தயங்குவோம். தொலைவில் உள்ளதை மனப்பாடம் செய்து விட்டோம். வாசலில் உள்ளதைப் பார்க்கத் தவறி விட்டோம். அந்தக் குறையை நீக்கிக்கொள்ள, நம் சத்தியமங்கலம் நகராட்சியையே பாடப் புத்தகமாக எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரையில் சில செய்திகளைப் பயில்வோம். பெற்றோரும் உடன் அமர்ந்து படித்தால் நலம். வீட்டு வரி கட்டுபவர்கள் அவர்களே அல்லவா?

நம் ஊரின் அமைப்பு

மலையடிவாரமும் ஆற்றங்கரையும் ஒருங்கே அமைந்த ஊர் நம்முடையது. வடக்கே திம்பம் மலை. ஊரின் நடுவே பவானி ஆறு. கோவையிலிருந்து மைசூருக்கும் பெங்களூருக்கும் செல்லும் நெடுஞ்சாலை நம் ஊரைக் கடந்தே பண்ணாரி சென்று, 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திம்பத்தை அடைகிறது. 1790-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் படையும் ஆங்கிலேயப் படையும் இங்கே மோதின. மைசூர்ச் சீமைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே வாயிலாக நின்றதுதான் அதற்குக் காரணம்.

முன்பு கோவை மாவட்டத்தில் இருந்த நம் ஊர், 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. அதுவே பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி நகராட்சியில் 37,816 பேர் வாழ்ந்தனர். நகராட்சியின் வார்டுகள் 27. திம்பத்தின் வளைவுகளும் 27, வார்டுகளும் 27 என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

மல்லிகையும் கரும்பும் வாழையும் விளையும் ஊர் இது. விடியற்காலையில் பூ மார்க்கெட்டில் ஏலம் போகும் மல்லிகை, அன்று மாலைக்குள் பல ஊர்களின் கூந்தலை அலங்கரித்து விடுகிறது. 2013-இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1,408 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்கும் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நகரம் இருக்கும்போது, அந்த நகரின் மன்றம் செய்யும் ஒவ்வொரு காரியமும் இம்மூன்றையும் தொடுகிறது. இதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

உள்ளாட்சி வளர்ந்த வரலாறு

நம் நாட்டில் நகராட்சி என்பது புதிதன்று. சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. கோவை 1866-இல் நகராட்சியாயிற்று. அதன் முதல் தலைவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1882-இல் ரிப்பன் பிரபு, உள்ளூர்க் காரியங்களை உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளே கவனிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கத்தின் வேலைச் சுமையைக் குறைப்பதைவிட, மக்களுக்கு ஆட்சிப் பயிற்சி அளிப்பதே அதன் தலையாய நோக்கம் என்று அவர் கருதினார். உள்ளாட்சியைப் பள்ளிக்கூடம் என்று சொல்வது இதனால்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்றவர்கள் சிலர் நம் பக்கத்து ஊர்களிலேயே இருந்தனர். இராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். பெரியார் ஈ.வெ.ராமசாமி 1918-இல் ஈரோடு நகராட்சித் தலைவரானார். பிற்காலத்தில் கருத்தில் எதிரெதிர்த் திசையில் நின்ற இவ்விருவரும் தொடங்கிய இடம் ஒன்றே: தெருவும் சாக்கடையும் குடிநீரும். கோவையில் ஆர்.எஸ்.புரம் என்று நாம் சொல்லும் பகுதி, நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கியது. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் அவர். தண்ணீர் கொடுத்தவரின் பெயரை ஊர் மறப்பதில்லை.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு இல்லை. தேர்தல் நடத்துவதும் தள்ளிப்போடுவதும் மாநில அரசுகளின் விருப்பமாக இருந்தது. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் இந்த நிலையை மாற்றின. முதலாவது ஊராட்சிகளுக்கு, இரண்டாவது நகராட்சிகளுக்கு. இரண்டும் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மகளிருக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள், நிதியைப் பங்கிட மாநில நிதி ஆணையம், தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் ஆகியவை உறுதியாயின. நகராட்சிகள் கவனிக்கத்தக்க 18 பணிகளை அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை வரிசைப்படுத்துகிறது. குடிநீர், சாலை, பொதுச் சுகாதாரம், தெருவிளக்கு, பூங்கா, மயானம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை அவற்றுள் சில. பிறந்த அன்று நம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும் அலுவலகமும் நகராட்சிதான்; இறந்த அன்று கடைசியாக எழுதுவதும் அதுவே.

மன்றம் இயங்கும் முறை

நகராட்சியில் இரண்டு கைகள் உண்டு. ஒன்று மன்றம், மற்றது நிர்வாகம். வார்டுக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் சேர்ந்தது மன்றம். இவர்களைக் கவுன்சிலர்கள் என்கிறோம். 2022-இல் நடந்தபடி, கவுன்சிலர்கள் கூடித் தமக்குள் ஒருவரைத் தலைவராகவும் ஒருவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். நிர்வாகத்தின் தலைவர் ஆணையாளர். அவர் அரசு அலுவலர். அவருக்குக் கீழே பொறியாளர், சுகாதாரப் பிரிவினர், நகரமைப்புப் பிரிவினர், வருவாய்ப் பிரிவினர் எனப் பலர் பணிபுரிகின்றனர்.

ஒரு தெருவுக்கு வடிகால் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தெருமக்கள் கவுன்சிலரிடமோ ஆணையாளரிடமோ மனுக் கொடுக்கிறார்கள். பொறியாளர் வந்து அளந்து, செலவு மதிப்பீடு தயாரிக்கிறார். அது மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இடம் பெறுகிறது. மன்றம் விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றுகிறது. ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. வேலை நடக்கிறது. வேலை முடிந்ததும் அளவெடுத்துப் பணம் வழங்கப்படுகிறது. பிறகு தணிக்கை. இந்தப் படிகளுள் எந்தப் படியில் நம் தெருவின் மனு நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். "நகராட்சி ஒன்றும் செய்வதில்லை" என்று திண்ணையில் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் அடுத்த மழைக்கும் சேற்றில் நடக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே! வீட்டு வரி என்று நாம் சொல்லும் சொத்து வரி, தொழில் வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவை நகராட்சியின் சொந்த வருவாய். இவற்றோடு மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கும், மத்திய மாநிலத் திட்ட நிதிகளும் சேர்கின்றன. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அதாவது ஏப்ரல் முதலும் அக்டோபர் முதலும் கணக்காகிறது. சொந்த வருவாய் குறைந்தால் நகராட்சி கையேந்தி நிற்க வேண்டும். கையேந்துபவருக்குத் தம் விருப்பப்படி செலவிடும் உரிமை இராது. ஆகவே வரியைக் காலத்தில் கட்டுவதும், கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்பதும் ஒரே கடமையின் இரண்டு பக்கங்கள்.

தண்ணீர்க் கணக்கு

இனி நம் ஊரின் முதல் வளர்ச்சிப் பிரச்சினைக்கு வருவோம். அது தண்ணீர்.

பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிப் பகுதியைச் சுற்றி, மீண்டும் தமிழகத்தில் நுழைகிறது. பில்லூர், மேட்டுப்பாளையம், சிறுமுகை கடந்து பவானிசாகர் அணையில் மாயாற்றோடு சேர்கிறது. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிக்கப்பட்ட அந்த அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி.; நீர்மட்ட உயரம் 105 அடி. அங்கிருந்து நம் ஊர், கொடிவேரி, கோபிப் பகுதி வழியாகச் சென்று பவானி நகரில் காவிரியில் கலக்கிறது. மொத்தம் 217 கிலோமீட்டர்.

இந்த வழியில் எத்தனை ஊர்கள் இதன் நீரைக் குடிக்கின்றன! கோவையின் ஒரு பகுதிக்குப் பில்லூர்த் திட்டம். திருப்பூருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குழாய். நமக்கும் இதே ஆறு. மேட்டுப்பாளையத்துக்காரர் ஆற்றில் விடுவது அணையின் வழியே நமக்கு வருகிறது. நாம் விடுவது கொடிவேரிக்குப் போகிறது. ஒவ்வோர் ஊரும் மேலூரைப் பார்த்துக் குறை சொல்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் கீழே ஓர் ஊர் இருக்கிறது என்பதை மறந்து விடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் அளவு. 37,816 பேருக்கு இந்த அளவில் வழங்கினால் 51 இலட்சத்து 5 ஆயிரத்து 160 லிட்டர் வேண்டும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ என்று நாம் பயன்படுத்துவதில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வருகிறது என்று கொள்வது வழக்கம். அப்படியானால் சுமார் 40 இலட்சத்து 84 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரியில் இதை நிரப்பினால் நாள்தோறும் 340 லாரிகள்! இது பயிற்சிக்காகப் போட்ட கணக்கே. ஆயினும் உண்மையின் பருமனை இது காட்டுகிறது. இத்தனை நீரும் சுத்திகரிக்கப்பட்டுச் சென்றால் ஆறு ஆறாக இருக்கும். அப்படியே சென்றால் ஆறு சாக்கடையாகும்.

ஆகவே குடிநீர்க் குழாய் போடுவது பாதி வேலை. கழிவுநீரைக் கொண்டுசெல்லும் குழாயும், அதைத் தூய்மையாக்கும் நிலையமும், வீடுகளிலிருந்து அதற்கு இணைப்பும் மற்றப் பாதி. முதற்பாதிக்கு மக்கள் குடத்துடன் சாலைக்கு வருகிறார்கள். மறுபாதிக்கு யாரும் வருவதில்லை. ஏனென்றால் அந்தத் துன்பத்தை அனுபவிப்பவர் கீழூர்க்காரர். நகரமன்றத்தின் பெருமை, கேட்பவர் இல்லாத வேலையையும் செய்வதில் இருக்கிறது.

வீட்டில் நாம் செய்யத்தக்கது என்ன? ஒரு குழாய் நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர் ஒழுகினால், ஒரு நாளில் 288 லிட்டர் வீணாகிறது. மேலே சொன்ன அளவின்படி அது இரண்டு பேருக்கு ஒரு நாளைய பங்கையும் விஞ்சுகிறது. ஒரு வாஷர் மாற்றினால் தீரும் காரியம் இது.

குப்பை

சிறு நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் குப்பை என்று வைத்துக்கொண்டாலும், நம் ஊரில் 11 டன்னுக்கு மேல் சேரும். ஆண்டுக்கு நாலாயிரம் டன்னைத் தாண்டும். இத்தனையையும் ஒரே இடத்தில் கொட்டினால் அது மலையாகும். தீ வைத்தால் புகையாகும். ஆற்றங்கரையில் விட்டால் வெள்ளத்தில் போகும்.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வகுத்தன. காய்கறித் தோல், சோறு, வாடிய பூ ஆகியவை மக்குபவை. பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் ஆகியவை மக்காதவை. பிரித்துக் கொடுத்தால் முதலாவது எருவாகும். இரண்டாவது விலை போகும். கலந்து கொடுத்தால் இரண்டுமே கெடும். பூ விளையும் ஊரில் பூக்கழிவுக்கும் குறைவில்லை. அது நிலத்துக்கு நல்ல உரம். 2019 ஜனவரி முதல் நாள் முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தமிழகத்தில் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நம் பாட்டிமார் கையில் எப்போதும் இருந்த பைதான் அது!

நம் ஊருக்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. நம் குப்பையின் எல்லையில் காடு இருக்கிறது. மலைச்சாலையில் பயணிகள் வீசும் உணவுப் பொட்டலத்தை மானும் குரங்கும் பிளாஸ்டிக்கோடு தின்கின்றன. ஆசனூர் அருகே கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பதை நாம் அறிவோம். விலங்குக்கு மனிதன் ஒருமுறை கொடுக்கும் தீனி, அதன் பழக்கத்தையே மாற்றி விடுகிறது.

இங்கே தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் செல்வது நன்றி மறத்தலாகும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில் அவர்கள் கைகளால் வேலை செய்கிறார்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றிக் கொடுப்பதும், நாப்கினைத் தனியே பொதிந்து அடையாளமிட்டுக் கொடுப்பதும், "அக்கா", "அண்ணா" என்று மரியாதையுடன் அழைப்பதும் நாம் அவர்களுக்குச் செய்யும் தானம் அன்று, கடன்.

இரு பக்கமும் நியாயம் உள்ள வழக்குகள்

வளர்ச்சி என்றால் எல்லாருக்கும் நன்மை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பல திட்டங்களில் ஒருவரின் வசதி மற்றவரின் இழப்பாகிறது. நம் பகுதியிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரும் வாய்க்கால் இது. பழைய மண் வாய்க்காலைச் சீரமைத்துக் கான்கிரீட் இடும் திட்டத்துக்கு 709 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடைமடை விவசாயிகள், "வழியில் கசிந்து போவதால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, கான்கிரீட் வேண்டும்" என்றார்கள். மற்றொரு சாரார், "அந்தக் கசிவுநீர்தான் எங்கள் கிணறுகளை நிரப்புகிறது, கரையோரத் தென்னையையும் மரங்களையும் வாழவைக்கிறது, கான்கிரீட் வேண்டாம்" என்றார்கள். இருவரும் விவசாயிகளே. இருவரும் பொய் சொல்லவில்லை. போராட்டம், உண்ணாவிரதம், நீதிமன்றம் என்று விஷயம் நீண்டது.

இரண்டாவது திம்பம் சாலை. இரவில் செல்லும் வாகனங்களில் அடிபட்டு வனவிலங்குகள் மடிகின்றன என்ற வழக்கில், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை அமலாயிற்று. காட்டுக்கு அது நிம்மதி. ஆனால் தாளவாடி மலைப்பகுதி விவசாயிகள், காய்கறியை இரவில் ஏற்றினால்தானே காலைச் சந்தைக்கு வரும் என்று கேட்டனர், கடையடைப்பும் நடத்தினர். பின்னர் உள்ளூர் மக்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தன.

இவற்றிலிருந்து நாம் கற்பது யாது? ஒரு திட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். இதனால் யாருக்கு நன்மை? யாருக்கு இழப்பு? இழப்பவரை யாராவது கேட்டார்களா? மூன்றாவது வினாவுக்கு விடை "ஆம்" என்று வரச் செய்வதற்காகவே மன்றங்களும் சபைகளும் இருக்கின்றன.

ஓர் ஊராட்சியின் துணிவு

நம் ஆற்றின் மேற்பகுதியில், மேட்டுப்பாளையத்தை அடுத்து ஓடந்துறை என்னும் ஊராட்சி உள்ளது. 1996 முதல் அங்கே தலைவராக இருந்த ஆர். சண்முகம், ஊராட்சியின் செலவுக் கணக்கை உற்று நோக்கினார். குடிநீர் இறைக்கவும் தெருவிளக்கு எரியவும் ஆகும் மின்கட்டணமே வருவாயின் பெரும்பகுதியை விழுங்குவதைக் கண்டார். முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டாரை இயக்கினார்கள். பிறகு 2006-இல், சேமிப்பும் வங்கிக் கடனுமாகச் சுமார் 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கி நிறுவியது. ஊரின் தேவை போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஒரு கிராம ஊராட்சி காற்றாலை முதலாளியான செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

காற்றாலையைக் காட்டிலும், அதற்கு முன் நடந்த ஒரு காரியமே நமக்குப் பாடம். கணக்குப் புத்தகத்தை ஒருவர் உட்கார்ந்து படித்தார். எங்கே பணம் போகிறது என்று தெரிந்த பிறகுதான் எங்கே மிச்சப்படுத்தலாம் என்று தெரிந்தது. நம் வீட்டில் அம்மா மாதக் கடைசியில் செய்வதும் இதுவே.

மகளிரின் இடம்

மாணவியராகிய நாம் தனிக் கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இது. தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதியை மகளிருக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2016-இல் வந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 489 பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் மன்றங்களில் நுழைந்தனர். சென்னை மாநகராட்சியில் 1957-இல் தாரா செரியன் முதற்பெண் மேயரானார். 2022-இல் 30 வயதுகூட நிரம்பாத ஆர். பிரியா அதே நாற்காலியில் அமர்ந்தார். அப்பதவிக்கு வந்த முதல் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண் அவரே.

ஆனால் ஒதுக்கீடு கதவைத் திறந்து விடும். உள்ளே நடந்து செல்வது நம் கால்களே. பல ஊர்களில் மனைவி உறுப்பினர், கணவர் கூட்டத்தில் பேசுபவர் என்ற வழக்கம் உண்டு. அம்மையார் கையெழுத்துப் போடுவார். முடிவை வீட்டுக்காரர் எடுப்பார். இதைக் கண்டு சிரிப்பதில் பயனில்லை. வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், தீர்மானத்தின் வாசகத்தை எழுதவும் அந்தப் பெண்ணுக்கு யாரும் சிறுவயதில் பழக்கித் தரவில்லை. அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே பெற வேண்டும். இலக்கிய மன்றத்தில் நன்றியுரை சொல்ல அழைத்தால் தோழியின் பின்னால் ஒளிந்துகொள்ளும் மாணவி, நாளை மன்றத்தில் எப்படிக் கணக்குக் கேட்பாள்?

வாக்களிக்க வயது 18. உள்ளாட்சியில் போட்டியிட வயது 21. பத்தாம் வகுப்பு மாணவிக்கு முதலாவதற்கு மூன்று ஆண்டும், இரண்டாவதற்கு ஆறு ஆண்டுமே உள்ளன. தொலைவு அன்று!

மன்றம் இல்லாத காலம்

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது. தொகுதி வரையறை, ஒதுக்கீடு, வழக்கு என்று காலம் ஓடியது. நம் மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகரங்களிலோ 2022 பிப்ரவரி வரை, ஐந்தாண்டுக்கும் மேலாக, மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகத்தைக் கவனித்தனர். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது அங்கும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

அலுவலர் திறமையானவராக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் மாற்றலாகிச் செல்வார். நம் தெருவில் குடியிருப்பவர் அல்லர். நம் வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அல்லர். நள்ளிரவில் தெருவில் மின்கம்பி அறுந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அந்தக் கேள்விக்கு ஐந்தாண்டுகள் விடை இல்லாமல் இருந்தது. கவுன்சிலரைக் குறை சொல்லும் உரிமையும் கவுன்சிலர் இருக்கும்போதுதான் நமக்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

மாணவியர் வாக்களிக்க இயலாது. ஆனால் செயல்பட இயலும்.

முதலாவது, நம் வார்டை அறிவோம். வார்டு எண், கவுன்சிலர் பெயர், தெருவிளக்குகளின் எண்ணிக்கை, குடிநீர் வரும் நாள்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். கண்ணால் கண்டதை எண்ணால் எழுதுவதே ஆய்வின் தொடக்கம்.

இரண்டாவது, மனு எழுதப் பழகுவோம். மனுவில் ஒரே ஒரு பிரச்சினை இருக்க வேண்டும். இடம், நாள், அளவு தெளிவாக இருக்க வேண்டும். "எங்கள் தெரு மோசமாக உள்ளது" என்பது புலம்பல். "எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் 3 தெருவிளக்குகள் 20 நாள்களாக எரியவில்லை, டியூஷன் முடிந்து மாலை 7 மணிக்குமேல் திரும்பும் மாணவியர் 15 பேர் அந்த வழியாக வருகிறோம்" என்பது மனு. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெறவேண்டும். நகராட்சியில் தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் திங்கட்கிழமைகளில் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, பெற்றோர் 10 ரூபாய் கட்டணத்தில் கணக்கு விவரம் கேட்கலாம்; 30 நாள்களில் பதில் தரப்பட வேண்டும்.

மூன்றாவது, சபைக்குச் செல்வோம். கிராமத்து மாணவியருக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் கிராம சபை நாள்களாகச் சேர்க்கப்பட்டன. நகரங்களுக்கு 2022-இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. பெற்றோருடன் சென்று, பேசாவிட்டாலும் கேட்டு வருவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று சொல்லித் தடுக்க வேண்டாம். குடத்தைத் தூக்கி வருபவள் பெண். சாக்கடை பெருகினால் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு இரவெல்லாம் விழித்திருப்பவளும் பெண். ஊர்க் காரியத்தில் அதிகம் துன்பப்படுகிறவளுக்கு அதில் பேச உரிமை இல்லை என்பது நியாயம் ஆகாது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. வடத்தைத் தொடாமல் ஓரத்தில் நின்று, தேர் நகரவில்லை என்று சொல்பவர் எந்தத் திருவிழாவிலும் உண்டு. அவர்களுள் ஒருவராக நாம் இருக்க வேண்டாம். பவானியில் ஓடும் நீர் நாளை கொடிவேரியில் குளிக்கும் ஒரு சிறுமியின் மேல் படும். அவள் பெயர் நமக்குத் தெரியாது. அவளுக்காகவும் நம் ஊரைச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல குடிமகளின் முதற்கடமை.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வார்டின் எண் என்ன? கவுன்சிலரின் பெயர் யாது?
2. உங்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது? ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுக.
3. உங்கள் வீட்டுச் சாக்கடை நீர் ஆற்றை அடையும் வழியைப் படமாக வரைக.
4. வாய்க்காலுக்குக் கான்கிரீட் இடுவது குறித்துக் கடைமடை விவசாயியாகவும், கிணற்றுப் பாசன விவசாயியாகவும் இருவர் நின்று வகுப்பில் உரையாடுக.
5. உங்கள் தெருவின் ஒரு குறையைப் பற்றி ஆணையாளருக்குப் பத்து வரிகளுக்கு மிகாமல் மனு எழுதுக. பெற்றோரிடம் காட்டி, உரியவரிடம் சேர்க்க.